தசைக் கலத்தை என்புப் பக்கம் திருப்புவது எப்படி

தமிழ் மொழிமூலத்தில் உயர்தர உயிரியல் படித்துவிட்டுக் கொழும்புக்கு ஆய்வுகூட வேலைக்கு வரும் பிள்ளைகள் முதல் சில வாரம் வாய் திறப்பதே அபூர்வம். செய்முறைத் தாள் ஆங்கிலத்தில் இருக்கும். வாசித்துவிட்டு விளங்கியது என்று தலையாட்டுவார்கள். ஆனால் எந்தப் படியில் கை தவறினால் முழு வேலையும் போய்விடும், எந்தப் படியில் கொஞ்சம் முன்பின் ஆனாலும் பரவாயில்லை என்பது எந்தத் தாளிலும் இருக்காது. பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க வேண்டிய அதை, நான் செய்முறை காட்டிக்கொடுக்கும் ஒரு பரிசோதனையை வைத்து எழுதுகிறேன்.

பரிசோதனை இதுதான். சுண்டெலியின் தசை முன்னோடிக் கலங்களுக்குள், என்பை வளரச் செய்யும் ஒரு பரம்பரை அலகை அனுப்புகிறோம். அந்தக் கலங்கள் வழமைபோல் தசை நாராகப் போகின்றனவா, இல்லை என்புக் கலத்தின் குணத்தைக் காட்டத் தொடங்குகின்றனவா என்று பார்க்கிறோம். ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும்.

ஏன் தசை என்று கேட்பீர்கள். 1965 இல் கலிபோர்னியாவில் மார்ஷல் யூரிஸ்ட் என்ற என்பியல் சத்திரசிகிச்சை நிபுணர், கல்சியம் நீக்கிய என்புத் துண்டுகளை விலங்குகளின் தசைக்குள் வைத்துப் பார்த்தார். என்பே இருக்கக்கூடாத அந்த இடத்தில் புது என்பு வளர்ந்தது. அந்தத் துண்டில் இருந்த ஏதோ ஒரு புரதம்தான் தசைக்குள் இருந்த கலங்களை மாற்றியது என்று அவர் சொன்னார். 1988 இல் ஜோன் வொஸ்னியின் குழு அந்தப் புரதக் குடும்பத்தின் பரம்பரை அலகுகளைப் பிரித்தெடுத்தது. நாம் பாவிக்கப்போகும் பிஎம்பி-2 அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகவே என்பாக மாறக்கூடிய கலங்கள் தசைக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. நாம் கொடுப்பது கட்டளையை மட்டும்தான்.

இது ஆய்வுகூடத்துக்குள் மட்டும் நடக்கிற அதிசயமும் இல்லை. முழங்கை உடைந்தோ விலகியோ வீங்கியிருக்கும்போது எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்த்து, பலாத்காரமாக மடக்கி நீட்டினால் முழங்கைக்கு முன்னால் இருக்கும் தசைக்குள் என்பு வளர்ந்து மூட்டு இறுகிவிடலாம். மருத்துவ மாணவர்களுக்கு இதைப் பாடமாகவே சொல்லிக்கொடுப்பார்கள். வீட்டில் யாராவது பிள்ளையின் வீங்கிய முழங்கையைத் தடவப் போனால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

கலங்களைப் பார்த்துக்கொள்வது

நாம் பாவிப்பது சி2சி12 என்ற கல வழி, அதாவது ஒரே மூலத்திலிருந்து வந்து தட்டில் பெருகிக்கொண்டே இருக்கும் கலக் கூட்டம். இதன் தொடக்கம், 1977 இல் யாஃபே, சாக்செல் என்ற இருவர் சுண்டெலியின் காயப்பட்ட தொடைத் தசையிலிருந்து பிரித்தெடுத்த கலங்கள். வளர்ப்பது சுலபம், அதுவே ஆபத்தும். நன்றாகச் சாப்பாடு கொடுத்து நெருக்கமாக வளரவிட்டால் இவை ஒன்றோடொன்று ஒட்டி நாராகிவிடும். நாராகிய கலம் திரும்பிப் பெருகாது. ஒவ்வொரு முறையும் நெருங்கவிட்டுப் பிறகு பிரித்துப் புதுத் தட்டுகளில் வைத்தால், மாறும் திறன் உள்ள கலங்கள் கழிந்துகொண்டே போய், கடைசியில் எந்தக் கட்டளைக்கும் அசையாத கூட்டம் ஒன்றுதான் மிஞ்சும்.

அதனால் தட்டின் பரப்பில் 60, 70 சதவீதம் நிறைந்ததும் பிரித்துவிடுங்கள். சனி, ஞாயிறு வருகிறதென்றால் வெள்ளிக்கிழமை பின்னேரமே ஐதாகப் பிரித்து வையுங்கள். திங்கள் காலை நுணுக்குக்காட்டியில் நீளநீளமாகப் பளபளக்கும் நார்களைக் கண்டால் அந்தத் தட்டைப் பரிசோதனைக்கு எடுக்காதீர்கள். ‘மிச்சக் கலம் நல்லாத்தானே இருக்கு மிஸ்’ என்று கெஞ்சுவீர்கள். இருக்காது. குறைந்த தடவை பிரித்த கலங்களை ஆரம்பத்திலேயே பல குப்பிகளில் திரவ நைதரசனில் உறைய வைத்திருந்தால் இந்தக் கவலை வராது.

கொழும்பின் ஈரப்பதனைப் பற்றியும் சொல்லவேண்டும். மழைக்காலத்தில் பூஞ்சணம் எந்த வழியால் வருகிறது என்றே தெரியாது. இன்கியூபேற்றருக்குள் இருக்கும் தண்ணீர்த் தட்டைக் கிழமைக்கு ஒரு தடவை மாற்றுங்கள். கொதிக்க வைத்து ஆற்றி எடுத்த காய்ச்சிவடித்த நீர் மட்டும் ஊற்றுங்கள். ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டும் இடத்துக்குக் கீழே எந்த உபகரணமும் வேண்டாம். மின்சாரம் போனால் இன்கியூபேற்றர் கதவைத் திறக்கவே திறக்காதீர்கள். மூடிய கதவுக்குள் சூடும் காபனீரொட்சைட்டும் கொஞ்ச நேரம் தாங்கும். என்ன நிலைமை என்று எட்டிப்பார்த்தால் இரண்டும் போய்விடும். 2022 இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்த காலத்தில், உறைய வைத்த குப்பிகளை இரண்டு கட்டடங்களில் பிரித்து வைத்திருந்தவர்கள்தான் நிம்மதியாகத் தூங்கினார்கள். இன்றைக்கும் அப்படியே பிரித்து வையுங்கள்.

பரம்பரை அலகை அனுப்பும் நாள்

மனித பிஎம்பி-2 பரம்பரை அலகை பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வட்டத்துக்குள் வைத்திருக்கிறோம். அதற்கு முன்னால், எந்நேரமும் வேலை செய் என்று தூண்டும் ஒரு பகுதி இருக்கிறது. பற்றீரியாவில் பெருக்கிச் சுத்தம் செய்யும்போது பற்றீரியாவின் நச்சுப்பொருள் மிஞ்சாத வகைக் கிற்றைப் பாவியுங்கள். விலை கூட. ஆனால் இங்கே மிச்சம் பிடித்தால் கலம் செத்துப்போவது ஏன் என்று தேடியே மாதம் போய்விடும்.

முதல் நாள் பின்னேரம், 24 குழிகள் உள்ள பிளேற்றில் ஒரு குழிக்கு ஏறத்தாழ 50,000 கலங்கள் போடுங்கள். போட்டதும் பிளேற்றைச் சுழற்றாதீர்கள். சுழற்றினால் கலமெல்லாம் நடுவில் குவிந்துவிடும். முன்னும் பின்னும், பிறகு இடமும் வலமும் மெதுவாக அசைத்து, மேசையில் பத்து நிமிடம் விட்டுத்தான் இன்கியூபேற்றருக்குள் வையுங்கள். நாளைக்கு வரும் முடிவில் பாதி இந்தப் பத்து நிமிடத்தில் இருக்கிறது.

அடுத்த நாள் காலை ஊடகத்தை, அதாவது கலம் வளரும் போசணைக் கரைசலை, நுண்ணுயிர்கொல்லி இல்லாத ஊடகமாக மாற்றுங்கள். டிஎன்ஏயைக் கலத்துக்குள் கொண்டுபோகும் கொழுப்புப் பொருள் கல மென்சவ்வைக் கொஞ்சம் தளர்த்தும். அந்த நேரம் மருந்தும் இருந்தால் அதுவும் உள்ளே போய்க் கலத்தைக் கொல்லும். நாங்கள் பாவிப்பது லிப்போஃபெக்டமின் 3000. ஒரு குழிக்கு அரை மைக்றோகிராம் டிஎன்ஏ, ஒன்றரை மைக்றோலீற்றர் கொழுப்புப் பொருள். இரண்டையும் தனித்தனிக் குழாயில் கலத்துக்கு ஊட்டமாகும் இரத்தச் சீரம் இல்லாத ஊடகம் 25 மைக்றோலீற்றரில் ஐதாக்கி, டிஎன்ஏ குழாயில் அதற்குரிய துணைக் கரைசலையும் விட்டு, பிறகு ஒன்றாகக் கலந்து 10, 15 நிமிடம் வையுங்கள். கலந்த பிறகு பலமாகக் குலுக்க வேண்டாம். துளித்துளியாகக் குழிக்குள் விடுங்கள். அவ்வளவுதான். எல்லோரும் பயப்படும் படி இதுதான், உண்மையில் சுலபமான படியும் இதுதான்.

சுலபமில்லாதது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான கட்டுப்பாட்டுக் குழிகளை ஒழுங்காக வைப்பது. குறைந்தது நான்கு வகைக் குழிகள் வேண்டும், ஒவ்வொன்றிலும் மூன்று.

ஒன்று, ஒன்றுமே சேர்க்காத கலம். இரண்டு, பரம்பரை அலகு இல்லாத வெறும் பிளாஸ்மிட். மூன்று, பச்சையாக ஒளிரும் புரதத்தின் பிளாஸ்மிட். எத்தனை கலங்களுக்குள் டிஎன்ஏ போயிருக்கிறது என்று அடுத்த நாளே இதில் பார்த்துவிடலாம். நான்கு, நமது பிஎம்பி-2. கையில் பணம் இருந்தால் ஐந்தாவதாகத் தூய பிஎம்பி-2 புரதத்தை நேரடியாக விடுங்கள், மில்லிலீற்றருக்கு 300 நனோகிராம். 1994 இல் கட்டகிரி குழு, இந்தக் கலங்கள் தசைப் பாதையை விட்டு என்புப் பாதைக்கு மாறுவதை முதலில் காட்டியபோது பாவித்த அளவும் அதுதான்.

இரண்டாவது வகையை ‘வேஸ்ட்’ என்று விட்டுவிடும் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். அதன் பெறுமதியைச் சொல்கிறேன். ஒரு நாள் கழித்து ஊடகத்தில் சீரத்தைக் குறைத்து 5 சதவீதமாக்குகிறோம். பட்டினி போட்டால் சி2சி12 கலங்கள் நார் கட்டத் தொடங்கும். நான்காம், ஐந்தாம் நாளில் முதல் வகைக் குழியில் நீண்ட நார்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் வரிசையாகப் பல கருக்கள். பிஎம்பி-2 குழியில் நார் இல்லை; தட்டையான, பல மூலைகள் கொண்ட கலங்கள். பார்த்ததும் துள்ளிக் குதிப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். கொழுப்புப் பொருள் கொஞ்சக் கலங்களைக் கொல்லும். கலம் குறைந்தால் நெருக்கம் குறையும். நெருக்கம் குறைந்தால் நார் கட்டாது. அப்படியானால் நார் இல்லாததற்குக் காரணம் பரம்பரை அலகா, கொழுப்புப் பொருளா? வெறும் பிளாஸ்மிட் குழியில் நார் கட்டியிருந்தால் மட்டும்தான் உங்களுக்குப் பதில் தெரியும்.

நிறம் வரும் நாள்

என்புப் பாதைக்குத் திரும்பிய கலம் முதலில் காட்டும் அடையாளங்களில் ஒன்று காரப் பொசுபற்றேசு என்ற நொதியம். தசைக் கலத்தில் இது மிகக் குறைவு. ஐந்தாம் நாளில் இதைச் சாயமிட்டுப் பார்க்கலாம்.

இங்கே நின்று நிதானமாகச் செய்யுங்கள். ஊடகத்தை உறிஞ்சி எடுத்ததும், பழக்கத்தில் கை பொசுபேற்றுத் தாங்கல் கரைசல் போத்தலுக்குப் போகும். போகக்கூடாது. பொசுபேற்று இந்த நொதியத்தைத் தடுக்கும். திரிஸ் உப்புக் கரைசலால் இரண்டு, மூன்று தடவை கழுவுங்கள். சீரத்தில் இருக்கும் நொதியமும் அதோடு போகட்டும். பிறகு ஃபோமல்டிகைட்டால் கலத்தை நிலைப்படுத்துவது. மற்றச் சாயங்களுக்குப் பத்து, பதினைந்து நிமிடம் வைத்துப் பழகியிருப்பீர்கள். இதற்கு ஒன்று, இரண்டு நிமிடம் போதும். கூட வைத்தால் நொதியமே செத்துப்போகும்; எல்லாக் குழியும் வெறுமையாக இருக்கும்; பரம்பரை அலகு வேலை செய்யவில்லை என்று நினைத்துக்கொள்வீர்கள். தொலைபேசியில் மணி வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

இந்த நொதியம் பட்டால் கருநீலமாகும் பிசிஐபி, என்பிடி கலந்த கரைசலை, பிஎச் 9.5 திரிஸ் தாங்கலில், எல்லாக் குழிகளுக்கும் ஒரே நேரத்தில் விடுங்கள். வெளிச்சம் படாமல் மூடி வையுங்கள். பத்து நிமிடத்துக்குப் பிறகு அடிக்கடி பாருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு அங்கொன்று இங்கொன்றாகக் கலத்தின் விளிம்பு ஊதா அடிக்கும். பிறகு அதைச் சுற்றியுள்ள கலங்களும். கடைசியில் கண்ணாலேயே தெரியும் கருநீலத் திட்டுகள், தாளில் மை ஊறியதுபோல். வெறும் பிளாஸ்மிட் குழியும் மங்கலாக நிறம் பிடிக்கத் தொடங்கும் முன் எல்லாவற்றையும் ஒன்றாகக் கழுவி நிறுத்துங்கள். ஈரம் காயமுன், ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்தில் படம் எடுங்கள்.

இப்போது மூன்றாம் வகைக் குழியில் நீங்கள் எழுதி வைத்த கணக்கைத் திரும்பிப் பாருங்கள். சி2சி12 டிஎன்ஏயை அவ்வளவு இலகுவாக ஏற்கும் கலமில்லை. பச்சையாக ஒளிர்ந்தவை ஒரு பகுதிதான். ஆனால் நீலம் அதைவிடக் கூடுதலான கலங்களில் வந்திருந்தால், விஷயம் விளங்குகிறதா? பிஎம்பி-2 கலத்துக்குள் தங்கும் புரதம் இல்லை. செய்த கலம் அதை வெளியே சுரக்கிறது. அயல் கலத்தின் ஏற்பியில் போய் ஒட்டுகிறது. ஸ்மாட் என்ற தூதுப் புரதங்கள் கருவுக்குள் போய், தசைப் பாதையை அடைத்து, ரன்எக்ஸ்2, ஒஸ்ரிக்ஸ் என்ற என்புப் பரம்பரை அலகுகளைத் திறக்கின்றன. எல்லாக் கலத்துக்குள்ளும் டிஎன்ஏ போகவேண்டிய அவசியமே இல்லை. பரம்பரை அலகால் என்பு வளர்க்கலாம் என்ற நம்பிக்கை இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது.

நம்பாதவருக்குக் காட்ட ஒரு வழி இருக்கிறது. சாயமிடும் முன் பிஎம்பி-2 குழியின் ஊடகத்தை எடுத்து, வடிகட்டி, டிஎன்ஏயே காணாத புதுக் கலங்களுக்கு விடுங்கள். இன்னொரு குழியில் அதே ஊடகத்தோடு நொகின் புரதத்தையும் சேருங்கள். அது பிஎம்பியைப் பிடித்துக் கட்டிவிடும். முதலாவது நீலமாகி, இரண்டாவது ஆகாவிட்டால் உங்கள் கையில் இருப்பது உறுதியான முடிவு. எண்ணாகவும் வேண்டுமென்றால், கலத்தை உடைத்து, மஞ்சள் நிறம் தரும் நைத்திரோபீனைல் பொசுபேற்று முறையில் 405 நனோமீற்றரில் அளந்து, மொத்தப் புரதத்தால் பிரியுங்கள்.

கழிவு ஊடகமும் பிளேற்றும் நேரடியாகத் தொட்டிக்குப் போகக்கூடாது. இது பரம்பரை அலகு மாற்றிய கலம். முதலில் ஊடகத்தை வெளிற்றும் கரைசலில் ஊற விடவேண்டும், பிளேற்றை ஒட்டோகிளேவில் அவிக்கவேண்டும்.

நீலம் என்பு இல்லை

‘மிஸ், நீலம் வந்தால் என்பு வந்த மாதிரித்தானே?’ இல்லை தம்பி. நீலம் கலம் பாதை மாறியதன் அடையாளம். என்பு என்றால் கொலாஜன் பின்னல், அதில் ஒழுங்காகப் படிந்த கல்சியம், இரத்தக் குழாய், மச்சை எல்லாம் வேண்டும். அதைத் தட்டில் பார்க்க முடியாது. கல்சியத்துக்கு அலிசரின் சிவப்புச் சாயம் போடுவார்கள். ஆனால் செத்த கலத்தின் மேலும் கல்சியம் படியும், அதுவும் சிவக்கும். சிவப்பை மட்டும் வைத்து என்பு வந்தது என்று எழுதாதீர்கள்.

உயிருள்ள தசையில் நடப்பது வேறு ஒழுங்கு. கல்சியம் நீக்கிய என்புத் தூளை எலியில் வைத்துப் பார்த்த பரிசோதனைகளில் ஏறத்தாழ ஒரு வாரத்தில் கசியிழையம் வரும், பத்துப் பன்னிரண்டு நாளில் என்பு அதன் இடத்தைப் பிடிக்கும், மூன்று வாரத்தில் உள்ளே மச்சையும் இருக்கும். பிறக்கும் முன் நம் கை கால் என்புகள் வளர்ந்த அதே வழி. பிஎம்பி-2 பரம்பரை அலகை அடினோவைரசில் ஏற்றித் தொடைத் தசைக்குள் ஊசியால் போட்டபோதும், நிர்ப்பீடனம் குன்றிய சுண்டெலிகளில் என்பு வளர்ந்தது. நிர்ப்பீடனம் சரியாக உள்ளவற்றில் பெரும்பாலும் வளரவில்லை, அல்லது மிகக் கொஞ்சம்தான். உடல் வைரசைக் கண்டு, அது புகுந்த கலங்களையும் சேர்த்து அழித்துவிடுகிறது. விலங்குப் பரிசோதனைக்குப் போகும் ஆசை இருந்தால், நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு எழுதும் முன் இந்த இடத்தை நன்றாக யோசியுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த வழி கிறிஸ்தோபர் எவான்ஸ் குழு 2009 இல் வெளியிட்டது. எலியின் தசையில் சிறு துண்டு எடுத்து, வெளியே வைத்து அதற்குள் பிஎம்பி-2 பரம்பரை அலகை ஏற்றி, தானாக ஒன்றுசேராத அளவு பெரிய, 5 மில்லிமீற்றர் தொடையென்பு இடைவெளியில் வைத்தார்கள். இடைவெளி என்பால் நிரம்பியது. கலத்தைப் பிரித்து மாதக்கணக்கில் வளர்க்கத் தேவையில்லை. சத்திரசிகிச்சைக் கூடத்திலேயே முடிக்கலாம் என்பதுதான் நோக்கம். பெரிய ஆய்வுகூட வசதி இல்லாத எங்களைப் போன்ற நாடுகளுக்கு என்றாவது பொருந்தக்கூடியது இப்படியான வழிதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

வீட்டில் கேட்கும்போது

நீங்கள் இந்த வேலை செய்கிறீர்கள் என்று தெரிந்ததும் சொந்தக்காரர் கேட்பார்கள். மோட்டார் சைக்கிள் விபத்தில் முழங்காலுக்குக் கீழே உடைந்து, மாதக்கணக்காகியும் என்பு கூடாமல் கிளினிக்குக்கு அலைகிற ஒருவர் எங்கள் குடும்பங்களில் இல்லாமலா? கொட்டாஞ்சேனையிலிருந்து என் மாமி ஒருவர் மாமாவுக்காகத் தொலைபேசி எடுத்து, ‘பிள்ளை, அந்த ஊசி எங்க போடலாம்?’ என்று கேட்டார். அந்தக் குரலில் இருந்த எதிர்பார்ப்புக்கு முன் பொய் சொல்லக்கூடாது, வாயை மூடிக்கொண்டும் இருக்கக்கூடாது.

உண்மை நிலவரம் இது. பிஎம்பி-2 புரதம் 2002 இல் அமெரிக்காவில் முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சைக்கு அனுமதி பெற்றது. கொலாஜன் பஞ்சில் மில்லிலீற்றருக்கு 1.5 மில்லிகிராம் அளவில் ஊறவைத்து வைப்பார்கள். உடல் தானாகச் சுரக்கும் அளவோடு ஒப்பிட்டால் இது மிகப் பெரிய அளவு, ஏனென்றால் புரதம் சீக்கிரம் கழுவுப்பட்டுப் போய்விடும். கழுத்துப் பகுதியில் பாவித்தபோது சிலருக்குத் தொண்டை வீங்கி மூச்சுக்கே ஆபத்து வந்து, 2008 இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விட்டது. பரம்பரை அலகு வழியில் கொஞ்சம் கொஞ்சமாக, தேவையான இடத்திலேயே, சில வாரம் சுரக்க வைக்கலாம் என்பதுதான் எதிர்பார்ப்பு. ஆனால் வேண்டிய நேரத்தில் அது நிற்கவும் வேண்டும். நிற்காத கட்டளை என்ன செய்யும் என்பதை எஃப்ஓபி என்ற அரிய நோய் காட்டுகிறது. பிஎம்பி ஏற்பிகளில் ஒன்றான ஏசிவிஆர்1 இன் பரம்பரை அலகில் ஒரு எழுத்து மாறியிருப்பதுதான் காரணம் என்று 2006 இல் கண்டுபிடித்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்குத் தசைக்குள் ஒரு ஊசி போட்டாலே அந்த இடம் என்பாகலாம். பிறக்கும்போதே கால் பெருவிரல் குட்டையாக, உள்ளே வளைந்திருக்கும். அப்படி ஒரு குழந்தையைக் கண்டால், தசையில் ஊசி போடவோ கட்டியை வெட்டிச் சோதிக்கவோ முன் வைத்தியரிடம் அதைச் சொல்லுங்கள்.

ஆகவே மாமிக்கு நான் சொன்னது: அந்த ஊசி இன்றைக்கு வாட்டில் கொடுக்கும் சிகிச்சை இல்லை. யாராவது காசு வாங்கிக்கொண்டு தருகிறேன் என்றால் போகவேண்டாம். கையில் இருப்பவை இடுப்பென்பிலிருந்து என்பு எடுத்து வைப்பது, தகடும் ஆணியும் மாற்றுவது, வெளியே வளையம் பூட்டுவது. என்பு வெளியே தெரியும் காயமென்றால் அதன்மேல் தசையைத் திருப்பி மூடுவார்கள். அந்தத் தசை இரத்தத்தைக் கொண்டுவந்து என்பு கூடுவதற்கு உதவும். இவற்றில் எது பொருந்தும் என்று கேளுங்கள். எடுத்த எக்ஸ்ரே எல்லாவற்றையும் திகதிப்படி அடுக்கி ஒரே உறையில் கொண்டுபோங்கள். உள்ளே தொற்று இருக்கிறதா என்று சோதித்தார்களா என்று கேளுங்கள். மாமா இன்னும் சிகரெட் குடிக்கிறாரா? அதை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள், என்பு கூடுவதை அது தாமதப்படுத்தும். சீனி வருத்தம் இருந்தால் அதன் அளவையும் அன்றே பார்த்து எழுதிக்கொண்டு போங்கள்.